கரண்டையை மூடும் சப்பாத்து



கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு இருபத்திரண்டு வயதாம். கிழமை நாட்களில் கண்டி டவுனுக்கு வேலைக்குப் போய்வருவதும் மோட்டார் சைக்கிளில்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூட்டாளிமாருடன் ரங்கல, ஹுன்னஸ்கிரிய என்று மலை ஏறுவதும் அதே மோட்டார் சைக்கிளில்தான். இப்போது பைக் ஓடுவதற்கென்றே செய்த சப்பாத்து ஒரு சோடி வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தோம், மழைக்கோட் வாங்கிக் கொடுத்தோம். சப்பாத்துக்கும் ஒரு மாதச் சம்பளமா? இது இஸ்ராஃப் இல்லையா? வாங்கத்தான் வேண்டுமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டவள் நான். கேட்டது மட்டுமல்ல, பதிலையும் நானே சொல்லி மகனின் வாயை அடைத்தவள். "உங்கட வாப்பா முப்பது வருஷமா பாட்டாவோடதான் ஹொண்டா ஓடினார். அவருக்குக் கால் இல்லாமலா போயிட்டு?" என்றேன். வாப்பாவும் சிரித்தார், மகனும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்துபோனது.

எங்கள் வீட்டுத் தொழில் மிளகு, கராம்பு, சாதிக்காய். அக்குறணையில் இது புதினமான தொழிலல்ல. கடைக்கு வரும் சரக்கை மட்டும் நம்பியிருந்தால் சரிவராது என்பதால், மகன் காலையில் கண்டி ரோட்டால் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி, வத்துகாமம், பன்வில, மடுல்கலை என்று ஏறி, தோட்டந்தோட்டமாகப் போய் சரக்குப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பயணத்தில் தார் ரோட் முடியும் இடத்தில் கொங்கிரீட் தொடங்கும். கொங்கிரீட் முடியும் இடத்தில் கிரவல். கிரவலும் முடிந்தால் சிவப்பு மண்ணும், தண்ணீர் அறுத்த காணும், தேயிலைச் செடிக்கிடையில் ஓர் ஒற்றையடிப் பாதையும். ஒரே நாளில், ஒரே சோடிக் காலோடு, இத்தனையையும் கடக்க வேண்டும். நம் பக்கத்தில் இது பொழுதுபோக்குக்காரரின் பயணம் மட்டுமல்ல. தோட்டத்து உத்தியோகத்தர், தபால்காரர், லீசிங் காசு சேர்க்கப் போகும் பிள்ளைகள், பாடசாலை ஆசிரியர்கள் என்று எத்தனையோ பேர் தினமும் ஓடுகிற பாதை இது.

அன்று நடந்தது பெரிய விபத்தொன்றுமல்ல. லொறி மோதவில்லை, வேகமுமில்லை. பன்விலவுக்கு மேலே ஒரு கொங்கிரீட் இறக்கம். மழை பெய்து ஓய்ந்து, பாசி படிந்து பச்சையாகக் கிடந்திருக்கிறது. எதிரே ஒரு முச்சக்கர வண்டி வர, மகன் நிறுத்தி இடது காலை ஊன்றியிருக்கிறார். பாட்டா வழுக்கிக் கழன்றது. கால் உள்பக்கமாக மடிய, நூற்றிச் சொச்சம் கிலோ பைக், பின்னால் கட்டிய மிளகுச் சாக்கோடு, அந்தக் காலின் மேலேயே சாய்ந்தது. நடக்கிற மனிதனின் வேகம்கூட அப்போது பைக்குக்கு இருக்கவில்லை.

கரண்டையின் இரண்டு பக்கத்து எலும்பும் முறிந்திருந்தது. தகடு வைத்து ஸ்குரு முறுக்கினார்கள். மூன்று மாதம் ஊன்றுகோலோடு கட்டிலும் வாசலுமாக இருந்தார். அந்த வருடத்துக் கராம்பு முழுக்க வேறு கைகளுக்குப் போனது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை, ஹெல்மெட் இருந்ததே! ஹெல்மெட் இல்லாமல் போனால் பொலிஸ் பிடிக்கும் என்று வாசலில் நின்று நினைவூட்டிய நான், காலைக் குனிந்து பார்க்கவில்லை.

வுளூச் செய்யும்போது கரண்டை உட்படக் கழுவ வேண்டுமென்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கரண்டையை இப்போது ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேரே எலும்புதான். மெத்தை மாதிரிச் சதை ஒன்றும் இல்லை. கெண்டைக்கால் எலும்புகள் இரண்டின் நுனியும் இரு பக்கமும் இறங்கி, இடுக்கி பிடித்தாற்போல் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதம் முன்னும் பின்னும் அசையலாம், பக்கவாட்டில் கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். பாதம் தரையில் அகப்பட்டு, மேலே இருக்கிற உடம்பும் வண்டியும் வேறு பக்கம் திரும்பினால் அந்த இடுக்கி உடைகிறது. பைக் ஓடுகிறவருக்கு இது நடப்பது பெரும்பாலும் பறக்கும்போதல்ல. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், வழுக்கும் இடத்தில் காலை ஊன்றும்போதும்தான்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: மகன் தினமும் காலில் போடுகிற சப்பாத்து இஸ்ராஃப் அல்ல. எவ்வளவு நல்ல சப்பாத்தானாலும் கட்டிலுக்கடியில் கிடந்தால் அது இஸ்ராஃப். இந்தக் கணக்கில் நானும் ஒரு இஸ்ராஃப் செய்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மகன் எழுந்து நடக்கத் தொடங்கியதும் எனக்கு ஒரே பிடிவாதம், இருப்பதிலேயே பலமான சப்பாத்தாக வாங்க வேண்டுமென்று. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற இடங்களில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டக்காரர்கள் போடுவார்களே, முழங்கால் வரைக்கும் வரும், பிளாஸ்டிக் கவசமும் நாலு கொக்கியும் வைத்த சப்பாத்து, மொட்டோகுரோஸ் சப்பாத்து என்பார்கள், அதைப் பாவித்த சாமான் விற்கும் ஓரிடத்தில் கண்டேன். வெளிநாட்டில் செய்தது, பார்ப்பதற்குப் புதிது போல. சந்தோஷமாக வாங்கி வந்தேன். மகன் அதைப் போட்டு வீட்டுக்குள் நடந்தபோது ஓடாவி மரச்சட்டம் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. கியர் மாற்ற முடியவில்லை. பிரேக்கை மிதித்ததா இல்லையா என்று காலுக்குத் தெரியவில்லை. சரக்குப் பார்க்க அரை மைல் மேடு ஏறி நடக்க வேண்டுமே, அது நடக்கிற காரியமா? ஒரு கிழமை முகத்துக்காகப் போட்டார். பிறகு ஒருநாள் அடிப்பாகம் உதிர்ந்த ரஸ்க் மாதிரித் துண்டு துண்டாகக் கழன்று கராஜிலேயே கொட்டியது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

விஷயம் என்னவென்றால், ரோட்டுக்கும் மலைப்பாதைக்கும் வேண்டியவை ஒன்றுக்கொன்று எதிரானவை. ரோட்டுக்குச் செய்த சப்பாத்து மெல்லியது, வளைந்து கொடுக்கும், கியருக்கும் பிரேக்குக்கும் இதமாக இருக்கும். ஆனால் அடி வழுவழுப்பானது; சேற்றில் நிற்காது, கல்லில் அடிபட்டால் தாங்காது. மொட்டோகுரோஸ் சப்பாத்து எந்த அடியையும் தாங்கும், ஆனால் அதோடு நடக்கவும் முடியாது, டவுனில் இறங்கி ஒரு கடைக்குள் போகவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. கரண்டைக்கு மேல் ஒரு சாண் உயரம், கெட்டியான தோல், பள்ளம் வெட்டிய ரப்பர் அடி, ஒன்றிரண்டு கொக்கி அல்லது ஒட்டுப்பட்டி. 'எட்வென்ச்சர்' சப்பாத்து என்று கடைகளில் சொல்கிறார்கள். கண்டியைச் சுற்றி ஓடுகிறவருக்குப் பொருத்தமானது இந்த நடு வகைதான். முழுக் காப்பு கிடையாது என்பது உண்மை. ஆனால் காலையில் போட்டால் மாலை வரை காலில் கிடக்கும் என்பதால் நான் இதற்கே கைதூக்குவேன்.

இனிக் கடையில் எதைப் பார்ப்பது? முதலில் சப்பாத்தைத் திருப்பி, அடிப்பாகத்தின் நடுவை இரண்டு பக்கத்தாலும் கைகளால் பிடித்து நசித்துப் பாருங்கள். எலுமிச்சங்காய் பிழிகிற பலத்தோடு நசித்துப் பாருங்கள். சும்மா நடக்கிற சப்பாத்தென்றால் அடி உள்ளே வளைந்து மடியும். பைக் சப்பாத்தென்றால் அசையாது. பைக் காலின் மேல் சாயும்போது பாதம் பக்கவாட்டில் நசியாமல் காப்பது இதுதான். ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் சப்பாத்துக்கென்றே ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. ஈ.என். 13634 என்று பெயர். 2002இல் வந்தது, 2017இல் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறிய சப்பாத்தின் உள்பக்கத்தில் ஒரு சீட்டுத் தைத்திருக்கும், அதில் பைக் ஓட்டுகிற ஆளின் சின்னப் படமும் அதன் கீழ் நான்கு இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2, இரண்டுதான் உயர்ந்தது. முதல் இலக்கம் சப்பாத்தின் உயரம். இரண்டாவது, ரோட்டில் இழுபட்டால் எவ்வளவு தேயாமல் தாங்கும் என்பது. மூன்றாவது, கூரான பொருள் வெட்டினால் தாங்குவது. நான்காவதுதான் நான் சொன்ன நசிவு. கடைக்காரர் ஆயிரம் சொல்லட்டும், நாக்கை விரித்து அந்தச் சீட்டைப் பாருங்கள். படம் இல்லையென்றால் அது பைக் சப்பாத்து மாதிரித் தைத்த வேறொன்று. கரண்டைக்கும் முன்காலுக்கும் அடிபடாமல் உள்ளே கிண்ணம் போன்ற தடுப்பு வைத்துச் சோதித்திருந்தால் அதற்கும் தனி எழுத்துகள் அச்சடித்திருப்பார்கள். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை. விரலால் கரண்டை வரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் கெட்டியாக ஒரு கிண்ணம் தட்டுப்பட வேண்டும். சிலதில் வெளிப்பக்கம் மட்டும் வைத்திருப்பார்கள். என்ஜின் பக்கமும் எலும்புதானே இருக்கிறது!

அடுத்தது குதி. அடி முழுக்கத் தட்டையாக இருக்கிற சப்பாத்து வேண்டாம். கால் மிதிக்கும் கம்பியில் பிடித்து நிற்க ஒரு படி போன்ற குதி வேண்டும். கிரவல் பாதையில் ஓட்டுகிறவர்கள் ஆசனத்திலிருந்து எழுந்து நின்று ஓட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். உடம்பின் முழுப் பாரமும் அப்போது அந்த ஒரு விரல் தடிப்பான கம்பியில்தான். அடியின் நடுவில் உலோகத் தகடோ கெட்டிப் பலகையோ வைத்திராவிட்டால் அரை மணித்தியாலத்தில் உள்ளங்கால் கடுக்கும். ஆனால் பள்ளம் மிக ஆழமாக வெட்டிய அடியும் வேண்டாம். அது கம்பியில் மாட்டிக்கொள்ளும், அவசரத்துக்குக் காலை எடுக்க வராது. சேற்றையும் அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரும். அந்தக் கஷ்டம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடிக்கு ஒரு கதை இருக்கிறது. 1935இல் இத்தாலியின் அல்ப்ஸ் மலையில் ஏறப் போன ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் போட்டிருந்த சப்பாத்து அந்தக் குளிருக்கும் பாறைக்கும் உதவாமல் போனதும் ஒரு காரணம். அவர்களுடைய தோழரான விட்டாலே பிரமானி என்ற மலையேறி, அந்தக் கவலையில் முயற்சி செய்து 1937இல் ரப்பரில் பள்ளமும் மேடுமாக ஓர் அடியைச் செய்தார். அவருடைய பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்து 'விப்ரம்' என்று இன்றும் பல சப்பாத்துகளின் அடியில் மஞ்சள் நிறத்தில் அடித்திருக்கும். அந்த ரப்பருக்கும் நம் கண்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய் முளைக்கவைத்த ரப்பர்க் கன்றுகளில் 1,900 வரையானவை பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பில் இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடையில் நட்டார்கள். கிழக்கு நாடுகளில் ரப்பர் பரவியது இப்படித்தான். சப்பாத்து என்ற சொல்லைப் போர்த்துக்கீசர் கொண்டுவந்தார்கள். சப்பாத்தின் அடியை நாம் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். மலையேறும் சப்பாத்துத் தைத்த அதே இத்தாலியக் கைகள்தான் பிறகு பைக் சப்பாத்தும் தைத்தன. 1963இல் வெனெற்றோ மாகாணத்தின் அசோலோ என்ற சிற்றூரில் சன்ற்றே மசறோலோ என்ற தோல் தொழிலாளி தொடங்கிய அல்பைன்ஸ்டார்ஸ் அப்படி வந்த ஒன்று.

இப்போது என்னுடைய உதிர்ந்த சப்பாத்துக்கு வருகிறேன். எல்லா அடியும் ரப்பர் அல்ல. பாரம் குறைய வேண்டுமென்று பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பொருளிலும் அடி வார்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்ல உடைகிற பொருள். போட்டாலும் போடாவிட்டாலும் சில வருடங்களில் உள்ளேயே உக்கிப்போகும். பெட்டிக்குள் பூட்டி வைத்தது இன்னும் சீக்கிரம். நம் கண்டியின் ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அலுமாரிக்குள் வைத்த தோல் பை பூஞ்சணம் பூக்கிற ஊர் இது. ஆகவே பாவித்த சப்பாத்து வாங்குகிறவர்கள் மேல்தோலின் மினுக்கத்தில் மயங்க வேண்டாம். அடியின் ஓரத்தில் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து திரும்பி வராவிட்டாலோ, மா மாதிரி உதிர்ந்தாலோ, வளைக்கும்போது மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ, அல்லாஹ்வுக்காக அதை வைத்துவிட்டு வாருங்கள். மலைப்பாதையின் நடுவில் அடி கழன்றால் அது பாட்டாவை விட மோசம்.

அளவு பற்றிச் சொல்ல வேண்டும். ஆளைக் கூட்டிப் போகாமல் சப்பாத்து வாங்காதீர்கள். 'எட்டாம் நம்பர்' என்று மகன் சொன்ன கணக்கை வைத்து நான் பட்டது போதும். சின்ன வயதிலிருந்து பாட்டாவில் விரிந்து வளர்ந்த நம் பிள்ளைகளின் பாதம் முன்பக்கம் அகலம். இத்தாலிச் சப்பாத்து நீளத்தில் சரியாக இருந்தாலும் சுண்டுவிரலைக் கடிக்கும். பின்னேரத்தில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி அதன் உண்மையான அளவில் இருக்கும். தடித்த மேஸோடு போட்டு, முன்பக்கமாகச் சாய்ந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். விரல் முட்டினால் மடுல்கலையிலிருந்து இறங்கி வரும்போது நகம் கறுக்கும். குதி உள்ளே எழும்பி எழும்பி விழவும் கூடாது. முடிந்தால் கடை வாசலில் நிறுத்திய அவருடைய பைக்கில் ஏறியிருந்து கியர் நெம்புக்கு அடியில் பெருவிரல் பக்கம் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலும் கராஜ் பாஸிடம் சொன்னால் நெம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டித் தருவார். வேலைத்தளங்களில் போடும் இரும்பு மூக்குச் சப்பாத்து மலிவு என்று வாங்குகிறவர்கள் முக்கியமாக இதைக் கவனிக்க வேண்டும். அந்த மூக்கு பெரும்பாலும் கியருக்கு அடியில் போகாது. விரலைக் காக்கிற அது கரண்டைக்கு ஒன்றும் செய்வதுமில்லை.

பூட்டும் முறையில் எனக்குப் பிடித்தது கொக்கி. நூல் கட்டுகிற சப்பாத்து காலை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அவிழ்ந்த நுனி கிக்கரிலோ செயினிலோ சிக்கினால் காலைத் தரையில் வைக்க முடியாமல் நின்ற இடத்திலேயே விழ வேண்டிவரும். நூல்தான் என்றால் மேலே மூடுகிற மடிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனியை உள்ளே செருகப் பழக வேண்டும். சிப் வைத்தது டவுனுக்கு நல்லது. சேறு காய்ந்தால் சிப் இறுகிவிடும். இன்னொன்று, சப்பாத்தின் நாக்கு இரண்டு பக்கமும் மேல்தோலோடு தைத்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டுமல்ல, அட்டையும் நுழைகிற வாசல் அதுதான். நக்கிள்ஸ் பக்கம் போய்வந்த பிள்ளையின் மேஸைத் துவைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மழை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே மெல்லிய சவ்வு வைத்த சப்பாத்து கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் மேலால் ஊற்றினால் அதே சவ்வு தண்ணீரை வெளியே விடாமல் வாளி மாதிரி வைத்துக்கொள்ளும். மழைக் காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகினால் இதுதான் நடக்கும். வெளியேதான் விட வேண்டும். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிற நாளில் எந்தச் சவ்வும் உதவாது என்பது வேறு கதை. நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைக்கவே வேண்டாம். தோல் வெடிக்கும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். உள்தட்டை வெளியே எடுத்து, பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, காற்று வருகிற நிழலில் வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்கு ஓரளவு காயும். பிறகு தோலுக்குப் பூசும் மெழுகோ பொலிஷோ பூசலாம். தேங்காயெண்ணெய் பூசுவது நம் வீடுகளில் வழக்கம். அது தோலை மிக மெதுவாக்கிவிடும், பூஞ்சணத்துக்கும் விருந்து. என் மாமி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார், அவர் இன்றும் மகனின் சப்பாத்துக்கு ஒளித்து ஒளித்து எண்ணெய் பூசுகிறார்.

துடைக்கும்போது இடது சப்பாத்தின் மேல்பக்கத்தைக் கவனியுங்கள். கியரை மேலே தட்டித் தட்டி அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். புதிதாக வாங்கும்போதே அங்கே ஒரு துண்டு ரப்பரோ தோலோ மேலதிகமாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் வாங்க வசதியில்லாத வீடுகள்தான் அதிகம். அவர்கள் இதை வாசித்துவிட்டு மனம் நொந்துவிடக் கூடாது. கரண்டை மூடும்படியான, குதியும் கெட்டி அடியும் உள்ள, தோலில் தைத்த உள்ளூர் வேலைச் சப்பாத்தொன்று, மேலே சொன்ன சோதனைகள் எதிலும் முழுமையாகத் தேறாவிட்டாலும், பாட்டாவைவிட எவ்வளவோ மேல். காலோடு கட்டியிருக்கும், வழுக்கிக் கழன்றுவிடாது, ரோட்டில் இழுபட்டால் தோல் போவதற்குமுன் சப்பாத்து தேயும். கம் பூட்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அட்டைக்கும் சேற்றுக்கும் அது நல்லது. ஆனால் கரண்டைக்கு ஒரு பிடிப்பும் இல்லை, அகப்பட்டால் சப்பாத்து அங்கேயும் கால் இங்கேயுமாக வரும்.

தொழுகைக்கு ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டுவதுதான் மகனின் பெரிய முறைப்பாடாக இருந்தது. கரண்டையை மூடிய தோலுறைக்கு மேல் மஸ்ஹுச் செய்யும் சலுகை மார்க்கத்தில் உண்டு என்பதையும், ஊரில் இருப்பவருக்கு ஒரு நாளும் பயணிக்கு மூன்று நாளும் அதன் தவணை என்பதையும் அவரே எனக்குப் படித்துக் காட்டினார், தப்பிக்க வழி பார்த்து. உள்ளூர் ஹஸ்ரத்திடம் கேட்டோம். வுளூவோடு போட்டிருக்க வேண்டும், மஸ்ஹுச் செய்தபின் கழற்றினால் காலைக் கழுவ வேண்டும் என்று நிபந்தனைகளை விளக்கினார். சேற்றுச் சப்பாத்தோடு பள்ளிக்குள் போக முடியாதே, கழற்றத்தானே வேண்டும்? ஆகவே அந்தச் சலுகை அவருக்குப் பெரிதாக உதவவில்லை. கொக்கி வைத்த சப்பாத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையில் இதுவும் ஒரு காரணம். இரண்டு தட்டில் கழலும், இரண்டு தட்டில் பூட்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை முழுக்கப் பாட்டாவோடுதான் ஓடியிருப்பார்.

பின்னால் இருந்து போகிற நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, குதியுயர்ந்த செருப்போடு அவர் பின்னால் ஏறியிருந்தவளும் நான்தான். பக்கவாட்டில் சாய்ந்திருந்து போகும்போது செருப்பு நழுவி விழுவதும், அதைப் பிடிக்கக் குனிவதும் நம்மில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது! குதிப்பட்டி வைத்த, மூடிய சப்பாத்தே நமக்கு நல்லது. அபாயாவின் ஓரத்தைச் சேர்த்துத் தொடைக்கடியில் செருகிக்கொள்ளாமல் ஏற வேண்டாம். பின்சில்லிலோ செயினிலோ அது சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். சில்லை மூடும் சாரிக் கார்டைக் கழற்றிவிட்டு ஓடும் பிள்ளைகளிடம் அதைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். சைலன்சர் சூடு பட்டால் பற்பசையும் பூசாதீர்கள், வேறெதுவும் பூசாதீர்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள்.

கட்டுகஸ்தோட்டைச் சகோதரிக்கு ஒரு விஷயம் பாக்கி. சப்பாத்து வாங்கிய முதல் கிழமையில் மகனை டவுனுக்குள் அனுப்ப வேண்டாம். புதுத் தோல் கெட்டியாக இருக்கும், பிரேக்கை மிதித்த அளவு காலுக்குத் தெரியாது. ஆள் நடமாட்டமில்லாத ஓர் ஒழுங்கையில் நிறுத்தி நிறுத்திப் பழகட்டும். பாட்டாவைக் கதவுக்கு உள்பக்கமும் சப்பாத்தை வெளிப்பக்கம் பைக்கின் அருகிலும் வையுங்கள். பக்கத்துக் கடையில் பாண் வாங்க ஐந்து நிமிடம் போகிறேன் என்று மகன் பாட்டாவோடு இறங்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டிவரும். என் மகன் இன்றைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் என்னோடு வாதாடுகிறார்.